ஒரு காம்பில்தான் மருந்து, பால் ஏன் பாசிட்டிவ்?

ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியும், பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கா என்று பார்க்கிற ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டுது, மற்ற மூன்று காம்புப் பாலை விற்கிற பாலோடு ஊற்றலாமா என்று கேட்டீங்க. ஊற்றக் கூடாதுங்க. மடிநோய்க்கு ஒரு காம்பில் மருந்து டியூப் ஏற்றினாலும் மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் கொஞ்சம் போகும், பென்சிலினுக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) வரம்பே லிட்டருக்கு 4 மைக்ரோகிராம்தான் என்பதால் அந்தக் கொஞ்சமே ஸ்ட்ரிப்பில் மாட்டிக்கொள்ளும். பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது. கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரம் தாண்டி பாலக்காட்டுப் பக்கம் போகிற பால் இது, ஒரு மாட்டுப் பால் கலந்தாலே மொத்த டேங்கருக்கும் சிக்கல்.

நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கூடவே மருந்தே போடாத மாட்டின் பாலையும் பாருங்கள், அதுவும் பாசிட்டிவ் என்றால் ஸ்ட்ரிப் மேல்தான் சந்தேகம் (வெயிலில் கிடந்திருக்கும்).

இன்னொன்று, பீட்டா-லாக்டம் (பென்சிலின் வகை மருந்து) பார்க்கிற ஸ்ட்ரிப், ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்கைக் காட்டாது. ஊசியும் போட்டிருந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் பால் ஒதுக்கணும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.