குரோக்கடில் போதை ஊசி உடம்பையே அழுகவைக்கும் என்கிறார்களே, உண்மையா? ரஷ்யாவில் எப்படிப் பரவியது?

உண்மைதான். ஆனால் அழுகவைப்பது பெரும்பாலும் போதைப்பொருள் அல்ல, அதோடு உள்ளே போகும் கழிவு. இதிலுள்ள டெசோமார்ஃபின் ஒரு காலத்தில் முறையான மருந்து. 1940-களில் சுவிட்சர்லாந்தில் பெர்மோனிட் என்ற பெயரில் வலிக்குக் கொடுத்தார்கள். ரஷ்யாவில் 2000-களின் தொடக்கத்தில் கோடீன் என்ற வலி, இருமல் மருந்து மாத்திரைகளை வைத்து அதை வீட்டு அடுப்படியில் காய்ச்ச ஆரம்பித்தார்கள். சுத்திகரிப்பு என்பதே கிடையாது. அமிலம், பாஸ்பரஸ், எரிபொருள் மிச்சம் எல்லாம் அப்படியே நரம்பில் ஏறும்.

ஊசி போட்ட இடம் புண்ணாகி, தோல் பச்சையும் கறுப்புமாகச் செதில் விடும். அப்புறம் சதை கழன்று எலும்பு தெரியும். சிலருக்குத் தாடை எலும்பே செத்துவிடும். 19-ம் நூற்றாண்டில் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தீக்குச்சித் தொழிலாளர்களுக்கும் இப்படித்தான் ஆனது.

பரவியதற்குக் காரணம் விலை. ஹெராயினைவிட மலிவு, மாத்திரையோ மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைத்தது. போதை ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். உடனே அடுத்ததைக் காய்ச்ச வேண்டும். ஒரே ஊசியைப் பலர் போட்டதில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி வேறு.

2012 ஜூனில் கோடீன் மாத்திரைக்குச் சீட்டு கட்டாயமானதும் வேகம் குறைந்தது. ஆனால் அடிமையானவர்களை மீட்க உதவும் மெத்தடோன் சிகிச்சையை ரஷ்யா இன்னும் தடை செய்தே வைத்திருக்கிறது. இது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

2013-ல் அமெரிக்காவிலும் வந்துவிட்டதாகப் பெரிய பரபரப்பு. அங்கே சிக்கிய சந்தேக மாதிரிகளைச் சோதித்தால், பெரும்பாலும் வெறும் ஹெராயின்.