ஸ்பானிய வினைச்சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழும்? எப்போது சாய்கோடு போடுவது?

'பேசுகிறேன்', 'பேசினார்' இரண்டுக்கும் ஸ்பானிய மொழியில் எழுத்துகள் ஒன்றே. உயிரெழுத்தின் தலையில் உள்ள சாய்கோடு ஒன்றுதான் வேறுபாடு என்கிறீர்கள். உண்மைதான். ஆ-ப்லொ என்றால் பேசுகிறேன், அ-ப்லோ என்றால் பேசினார். (அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாகக் காட்டுகிறேன். இது நம் வசதிக்குத்தான். ஸ்பானிய மொழியில் குறில், நெடில் பொருளை மாற்றாது.)

விதி இதுதான். சொல் உயிரிலோ ன், ஸ் என்ற மெய்களிலோ முடிந்தால் அழுத்தம் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில். வேறு மெய்யில் முடிந்தால் ஈற்றசையில். இதை மீறும் சொல்லுக்கே சாய்கோடு. ன், ஸ் மட்டும் ஏன் விலக்கு? அவை வினை விகுதிகள். ஆ-ப்ல (பேசுகிறார்), ஆ-ப்லஸ் (பேசுகிறாய்), ஆ-ப்லன் (பேசுகிறார்கள்): விகுதி ஒட்டினாலும் அழுத்தம் நகர்வதில்லை, சாய்கோடும் தேவைப்படுவதில்லை.

'பேசிக்கொண்டிருந்தோம்' என்பதை நம் பகுபத முறையில் பிரித்தால் அப்ல் + அ + ப + மொஸ்: பகுதி, வினை எந்த வகை என்று காட்டும் உயிர், கால இடைநிலை, விகுதி. அசை பிரிப்பு வேறு: அ-ப்லா-ப-மொஸ். ப், ல் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசையைத் தொடங்கும். அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழுவதால் சாய்கோடு கட்டாயம்.

நாம் அதிகம் சறுக்குவது இ, உ வரும் இடங்களில். கொ-மீ-அ (சாப்பிட்டுக்கொண்டிருந்தார்) மூன்று அசை. கொ-மியோ (சாப்பிட்டார்) இரண்டே அசை. இ, உ அழுத்தமின்றி அ, எ, ஒ பக்கத்தில் நின்றால் ஓரசையாகக் கரைந்துவிடும். அப்படி நிற்கும் இ, உ மேல் அழுத்தம் விழுந்தால் தனி அசை, மேலே சொன்ன விதிக்கு விலக்காக அதற்குச் சாய்கோடும் உண்டு. நம் வாய் இரண்டிலும் யகர உடம்படுமெய்யைச் சேர்த்துவிடுவதால் காதுக்கு வேறுபாடு மங்கும். கையால் தட்டி அசையை எண்ணிப் பாருங்கள்.

பகுதியின் உயிர் மாறும் வினைகளுக்கும் அழுத்தமே காரணம். பியேன்-ஸொ (நினைக்கிறேன்) என்பதில் அழுத்தம் பகுதி மேல், அதனால் எ என்பது இயெ ஆகிறது. பென்-ஸா-மொஸ் (நினைக்கிறோம்) என்பதில் அழுத்தம் விலகியதும் பழைய எ திரும்பிவிடுகிறது.

இறந்தகாலம் என்றாலே கடைசி உயிரில் கோடு போடும் பழக்கம் வந்துவிடும். தூ-பொ (வைத்திருந்தார்), ஈ-ஸொ (செய்தார்) போன்றவற்றில் அழுத்தம் ஈற்றயலில்தான். கோடு போட்டால் பிழை. தியோ (கொடுத்தார்), பியோ (பார்த்தார்) ஓரசைச் சொற்கள் என்பதால் 1959 முதல் கோடு கிடையாது. அதற்கு முந்தைய நூல்களில் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

விதி கைவிடும் இடமும் உண்டு. என்-பியார் (அனுப்ப), கம்-பியார் (மாற்ற) இரண்டும் ஒரே அச்சு. ஆனால் 'அனுப்புகிறேன்' என்-பீ-ஒ, கோட்டோடு. 'மாற்றுகிறேன்' காம்-பியொ, கோடு இல்லை. எந்த வினை எந்தப் பக்கம் என்பதை அகராதியில் பார்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.