ரூகர் 10/22: பேரல் மாற்றும் முன்

வணக்கம். டெக்ஸாஸில் வசிக்கிறேன். ரேஞ்சில் காகித இலக்கைச் சுடுவதற்காக ரூகர் 10/22 (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் .22 ரைஃபிள்) வாங்கினேன். ஸ்கோப் பொருத்தி, மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டாலும் 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குச் சிதறுகின்றன. பேரலையும் (குழல்) ட்ரிகரையும் (விசை) மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். எங்கே தொடங்கலாம்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் செலவு தோட்டாவுக்காக இருக்கட்டும். மொத்தமாக விற்கும் ஹை வெலாசிட்டி (அதிவேக) ரகங்கள் நொடிக்கு 1200 அடிக்கு மேல் கிளம்புகின்றன. ஒலியின் வேகம் சுமார் 1125 அடி. வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தடுமாறும். பக்கக்காற்றும் அதைக் கூடுதலாகத் தள்ளும். 1070 அடி அளவில் கிளம்பும் 40 கிரெய்ன் (குண்டின் எடை) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேக) ரகங்களில் நான்கைந்தை வாங்கிப் பாருங்கள். எது ஒத்துவரும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ரகம் மாற்றியதும் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகில் பழையது போய்ப் புதியது பேரலில் படியவேண்டும். அதன்பின் ஐந்தைந்து குண்டுகளாக ஐந்து க்ரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்) சுட்டு, அவற்றின் அகலத்தின் சராசரியைப் பாருங்கள். அழகாக விழுந்த ஒரே க்ரூப்பை நம்பி ரகத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

முதல் குண்டு மட்டும் தனியே விலகுகிறதா என்றும் கவனியுங்கள். அதைச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றுவது உங்கள் கை. மற்றவற்றை ஏற்றுவது, முன்னும் பின்னும் ஓடிச் சேம்பரை மூடும் போல்ட்டின் சொந்த வேகம். போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்துச் சட்டென விடுங்கள். கையால் மெல்லக் கொண்டுபோய் மூடினால் தோட்டா சரியாக உட்காராது.

அடுத்து திருகுகள். மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்தபின்தான் கை வைக்கவேண்டும். இந்தத் துப்பாக்கியில் ரிசீவரை (போல்ட் ஓடும் உடல்பகுதி) ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டை) பிடிப்பது ஒரே ஒரு திருகு. அது தளர்ந்தால் குண்டு விழும் இடம் நாளுக்கு நாள் நகரும். டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) வைத்து 15 அங்குல-பவுண்டில் தொடங்கி 20 வரை ஏற்றி, எந்த அளவில் க்ரூப் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேரலை ரிசீவரோடு பிடிக்கும் வி-பிளாக்கின் இரண்டு திருகுகளும் சமமாக இறுகியிருக்கவேண்டும். முன்பக்க பேரல் பேண்ட் (பேரலை ஸ்டாக்கோடு சேர்க்கும் வளையம்) இருந்தால் கழற்றிவிட்டும் சுட்டுப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் கம்பியை முகப்பு வழியாக நுழைக்கவேண்டாம். பேரலின் வாய்விளிம்பில் சிறு தேய்மானம் விழுந்தாலும் குண்டு கோணலாகக் கிளம்பும். சேம்பர் பக்கத்திலிருந்து இழுக்கும் கேபிளே போதும்.

ட்ரிகர் விஷயத்தில் நண்பர்கள் சொல்வது சரி. துப்பாக்கியின் எடை ஐந்து பவுண்டு, கம்பெனி ட்ரிகரின் இழுவையோ ஆறு பவுண்டை நெருங்குகிறது. விரல் இழுக்கும்போதே குறி அசையும். மூன்று பவுண்டுக்குள் இழுபடும், ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகரை அப்படியே மாட்டிவிடலாம். வீட்டில் அரம் வைத்துச் சியரை (ட்ரிகர் இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்கும் கொக்கி) தேய்க்கவே கூடாது. போல்ட் மூடும் அதிர்விலேயே வெடித்துவிடக்கூடும்.

பேரல் கடைசி. வாங்குவதானால் பென்ட்ஸ் சேம்பர் உள்ளதாகப் பாருங்கள். போட்டிக்கான இறுக்கமான மேட்ச் சேம்பரைவிடச் சற்றுத் தளர்வு என்பதால், தானே ஏற்றும் இந்தச் செமி-ஆட்டோவில் தோட்டா சிக்காமல் ஓடும். 0.920 அங்குலத் தடிமனுள்ள பேரல் உங்கள் ஸ்டாக்கின் பள்ளத்தில் அடங்காது, ஸ்டாக் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.