கடற்கரைப் பாறையைப் படம் பிடிக்க: கேள்வி பதில்

காசிமேட்டுக்காரன் நான். கேமராவைத் தூக்கிக்கிட்டுக் கரை கரையாப் பாறை தேடித் திரியறவன். வந்த கேள்விகள்ல சில.

தண்டையார்பேட்டைத் தம்பி: அண்ணா, நம்ம ஏரியாவுல பாறையே இல்லையே, எங்க பழகுறது?

மணல் கரைதான் தம்பி. ஆனா திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டின கல்லும் தூண்டில் வளைவும் (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின கல் சுவர்) இருக்கே. விடியக்காலையில போ. நமக்குச் சூரியன் கடல்லேருந்து எழும்பும். அதைப் பார்த்து எடுத்தா கல்லு கறுப்பாத்தான் விழும். கரையை ஒட்டி வடக்கயோ தெற்கயோ திரும்பி எடு, பக்கவாட்டு வெளிச்சத்துலதான் சொரசொரப்பு தெரியும். பாசி படிஞ்ச கல்லுல கால் வைக்காதே. நான் வச்சேன், முட்டியில நாலு தையல், லென்ஸ்ல மாட்டற ஃபில்டர் கல்லு இடுக்குல விழுந்துடுச்சு. இப்ப நண்டுதான் மாட்டிக்கிட்டுத் திரியும்.

ராயபுரத்து அக்கா: பசங்களோட உடுப்பி போறோம். செயின்ட் மேரீஸ் தீவுல எதை எடுக்கலாம்?

மல்பேயிலேருந்து படகு, மழைக்காலத்துல ஓடாது. அங்க பாறை அறுத்து அடுக்கின மாதிரி தூண் தூணா நிக்கும். ஏரி வத்தினா களிமண்ணு பாளம் பாளமா வெடிக்குமே, அதே சங்கதிதான். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கறப்ப வெடிப்பு கீழ வரைக்கும் இறங்கிடுச்சு. நடந்து சுமார் 8.8 கோடி வருஷம். மடகாஸ்கர் நம்மளை விட்டுப் பிரிஞ்ச காலம். தூர நின்னு எடுத்தா தீக்குச்சிக் கட்டு மாதிரிதான் இருக்கும். கிட்டப் போய்த் தூணோட தலையைப் பாருங்க: பெரும்பாலும் ஆறு பக்கம், சிலது அஞ்சு, ஏழு. அதை மட்டும் ஃப்ரேம் நிறைய எடுங்க. இன்னொரு படத்துல பையனைப் பக்கத்துல நிறுத்துங்க, உயரம் புரியும். மேல ஏத்தாதீங்க.

கொருக்குப்பேட்டை: மொபைல் போதுமா?

தாராளமா.

வண்ணாரப்பேட்டை: அலை பால் மாதிரி வழியணும், எப்படி?

ட்ரைபாட், என்.டி. ஃபில்டர் (உள்ள போற வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்புக் கண்ணாடி), ஷட்டர் அரை நொடி திறந்திருக்கணும். முப்பது நொடி வச்சா கடல் பனிமூட்டமாயிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குக் கடல் செத்துப் போன மாதிரி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துல சாயங்காலம் இதை முயற்சி பண்ணுங்க. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அலையையே பாருங்க, பெரிய அலை எதுவரைக்கும் ஏறுதுன்னு. காயாத கல்லுல நிக்கவே கூடாது.

எண்ணூர்: லென்ஸ்ல உப்பு படியுதே?

சட்டை நுனியால தேய்க்காதீங்க, மணல் கீறிடும். முதல்ல ஊதுபம்பு, அப்புறம் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிசுத் துணி. ட்ரைபாட் காலையும் நல்ல தண்ணியில அலசணும். தண்ணி லாரி வந்த நாளாப் பார்த்துச் செய்ங்க, இல்லன்னா வீட்ல திட்டு விழும்.