36 மணி நேரம் போதுமா?

வணக்கம் ஐயா,

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். மருத்துவம் படிக்க ஆசை. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக இந்திய நடனம் எடுத்திருக்கிறாள். அது போக விவாத வகுப்பு, ரோபாட்டிக்ஸ், முதியோர் இல்லத்தில் தொண்டூழியம் என்று உயர்நிலை நான்கு வரைக்கும் எக்செலில் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறேன். சேவைக்கு 36 மணி நேரம் போதுமா, கூட்ட வேண்டுமா? நடனத்தை விட்டுவிட்டு ‘வெயிட்டாக’ வேறு ஏதாவது எடுக்கலாமா?

எம்., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள எம்.,

போன வாரம் அப்பாவின் பழைய பெட்டியைக் கிளறியபோது அவருடைய டாம் பலகை அகப்பட்டது. கட்டங்களில் காய் நகர்த்தி எதிராளியின் காயை வெட்டுகிற ஆட்டம் அது. இரண்டு நாளாக அதே நினைப்பில் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் அட்டவணை வந்து சேர்ந்தது.

முதலில் நீங்கள் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். நடனத்தை விட வேண்டாம். பிள்ளைகள் படிப்புக்கு வெளியே செய்வதைப் பள்ளிகள் மதிப்பிடும் லீப்ஸ் 2.0 திட்டத்தில் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை என்று நான்கு பிரிவுகள். பங்கேற்பில் மேல்நிலைகள் ஒரே நடவடிக்கையில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து தொடக்கக் கல்லூரி சேர்க்கைக்குக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு போனஸ் புள்ளி. ரோபாட்டிக்ஸ் பிடித்தால் போகட்டும். விவாத வகுப்புக்குப் பணம் கட்டுவானேன்? வீட்டில் உங்களை எதிர்த்துப் பேச விடுங்கள்.

என்னை உறுத்தியது அந்த 36தான்.

அப்பா கடைசி இரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமையானால் மாணவர்கள் வருவார்கள். பாட்டு, ஆரஞ்சுப் பழம், படம், கையெழுத்து. ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பள்ளி வந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டது. மத்தியானம் இன்னொரு பள்ளி நகவெட்டியோடு வந்து நின்றது. “இனிமே வெட்ட விரல்தான் இருக்கு” என்றாராம். தமிழ் புரியாத அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து ராவியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மணிக்கணக்கை நிரப்பு என்று அனுப்பினால் பிள்ளை நிரப்பிவிட்டு வருகிறது. அனுப்புகிற நம்மைத்தான் திட்ட வேண்டும், உங்களையும் சேர்த்து. உங்கள் அட்டவணையில் ‘முதியோர் (2 மணி)’ என்ற கட்டம் பதினெட்டு முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அந்த முதியோர் யார், என்ன பாஷை பேசுவார் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. டாக்டராகப் போகிற பெண்ணின் அட்டவணை அம்மா இது!

அந்தக் கூட்டத்தில் சீனப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்கும் அப்பாவுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பாசார் மலாய், அதாவது சந்தையில் புழங்கும் கொச்சை மலாய். அப்பா டாம் பலகையை எடுத்து வைத்தார். இரண்டு காய் தொலைந்துபோய், பதிலுக்கு குளிர்பான பாட்டில் மூடிகள். காயை வெட்டும்போதெல்லாம் அப்பா “மக்கான்!” (மலாயில் ‘சாப்பிடு’) என்று பலகையில் ஓங்கித் தட்டுவார், பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். மணிக்கணக்கு முடிந்த பிறகும் அந்தப் பையன் வந்தான். தாதி வழக்கம்போல் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால், அவனிடம் தாளே இல்லை. நான் பார்த்தவரை அவன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அப்பா விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. சின்னப் பையனை இப்படியா தோற்கடிப்பது என்று ஒருநாள் கேட்டேன். “தோத்தாத்தானே அடுத்த வாரம் வருவான்” என்றார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையோ சேர்த்துக்கொண்டே போக, நம் பிள்ளை கை வீசிக்கொண்டு நிற்கிறதே என்ற பயம் எனக்குத் தெரியாததல்ல. என் மகனின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கிய ஃபைல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அடுக்கியது நான்தான். அவன் அதைத் திறந்ததுகூட இல்லை.

எனவே 36 போதும். ஆனால் பதினெட்டு தடவையும் ஒரே இல்லத்துக்கு, முடிந்தால் ஒரே பாட்டியிடம் போகட்டும். நடனம் தெரிந்த பெண்தானே, முதல் நாள் பேச்சு வராவிட்டால் அடவு பிடித்துக் காட்டட்டும்.

அப்புறம், ஞாயிறு 4 முதல் 6 வரை மஞ்சள் கட்டத்தில் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று எட்டியும் பார்க்காதீர்கள்.