வெள்ளையடிக்கத் தடை போட்ட ஊர்

கேள்வி: காலண்டர் ஒன்றில் தண்ணீரோரமாக மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் படம் பார்த்தேன். கரீபியன் தீவான குராசோவின் வில்லெம்ஸ்டாட் நகராம். ஒல்லாந்தர் கட்டடம் போலவே இருக்கிறது. இங்கே வந்தவர்கள்தானா அங்கேயும்? ஏன் இத்தனை நிறம்?
– எஸ்.ஜெ., கொட்டாஞ்சேனை

பதில்: ஒல்லாந்தர்தான், ஆனால் கம்பனி வேறு. நமக்கு வாய்த்தது கிழக்கிந்தியக் கம்பனி. குராசோவை 1634இல் ஸ்பானியரிடமிருந்து பிடித்தது மேற்கிந்தியக் கம்பனி. கொழும்பு அவர்கள் கைக்குப் போனது 1656இல்தான்.

நிறம் பிற்பாடு வந்தது. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் தலையிடி வருகிறதென்று, ஆளுநர் அல்பர்ட் கிக்கர்ட் 1817இல் வெள்ளையடிக்கத் தடை போட்டார். அவருக்குப் பெயின்ட் வியாபாரத்தில் பங்கு இருந்ததென்று அங்கே ஒரு கதை உலவுகிறது. ஒரு திணைக்களத்தில் கட்டடப் படம் கீறியே ஓய்வுபெற்ற எனக்கு அதை நம்ப ஒரு சிரமமும் இல்லை!

என்னைக் கேட்டால், நிறத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். செங்குத்தாக இறங்கும் சிவப்பு ஓடு, முகப்பில் வளைந்து நெளிந்து ஏறும் சுவர். மழை குறைந்த அந்தத் தீவுக்கு இவ்வளவு சரிவு எதற்கு? ஊர்ப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோயிருக்கிறார்கள். வெயில் வாட்டிய பிறகுதான் வீட்டைச் சுற்றி நிழலுக்குத் தாழ்வாரம் சேர்த்தார்கள். 1708இல் கட்டிய பென்ஹா கட்டடம் புண்டா பகுதியில் கரையோர மூலையில் இன்றும் நிற்கிறது. நம் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், தெருவைப் பார்த்த அந்தத் தடித்த தூண்களையும் பின்முற்றத்தையும் பாருங்கள். அதே வெயிலுக்கு இங்கே கண்ட வழி அது.

அந்த அழகான வீடுகளுக்குப் பின்னாலிருந்த பணத்தில் அடிமை வியாபாரப் பணமும் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களை மேற்கிந்தியக் கம்பனி குராசோவில் வைத்து விற்றது. அடிமைமுறை ஒழிந்தது 1863இல். நாமும் தூர நின்று பார்க்க முடியாது. ஒல்லாந்தர் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம்தான் நம் கொம்பனித்தெரு.

கேள்வி: அங்கே மிதக்கும் பாலம் இருக்கிறதாமே?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது. 1888இல் போட்ட எம்மா இராணி பாலம், புண்டாவையும் எதிர்க்கரை ஒட்ரோபண்டாவையும் இணைக்கிறது. கப்பல் வந்தால் முழுப் பாலமும் கதவு போலத் திறந்து ஒதுங்கும். முன்பு செருப்புப் போட்டவர்களிடம்தான் கட்டணம் வாங்கினார்களாம், வெறுங்காலோடு வந்தால் இலவசம். இப்போது யாருக்கும் காசில்லை. பாலம் திறந்திருக்கும்போது அக்கரை போகப் படகும் இலவசம்.