சைலீனும் சைலிட்டாலும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. ஆய்வகத்தில் கையுறை போட்டுத் தொடும் சைலீன் என்ற கரைப்பான்தான் சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டாலாக வருகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். கிரேக்கத்தில் 'சைலோன்' என்றால் மரம். 1850இல் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்த திரவத்தில் கிடைத்ததால் சைலீனுக்கு அந்தப் பெயர். சைலிட்டால் வந்த வழி வேறு: மரத்திலிருந்து எடுத்த சர்க்கரை சைலோஸ், அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் சைலிட்டால். செடியில் நீரை மேலே கொண்டுபோகும் சைலத்துக்கும் இதே வேர்ச்சொல்தான். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே!

சந்தேகம் வந்தால் வேதி வாய்பாட்டைப் பாருங்கள். சைலீனில் 8 கார்பன், 10 ஹைட்ரஜன், அவ்வளவுதான், ஆக்சிஜனே கிடையாது. சைலிட்டாலில் 5 கார்பன், 12 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன்.

பெயரின் வாலை மட்டும் நம்பிவிடாதீர்கள். சைலினால் என்ற இன்னொரு பொருளின் பெயரும் சைலிட்டாலைப் போல 'ஆல்' என்றுதான் முடிகிறது. ஆனால் அது சைலீன் பக்கத்து ஆள், தோலை அரிக்கும் ஃபீனால் வகை. அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் அதற்கு எட்டாமல் இருக்கட்டும். கொஞ்சம் தின்றாலே அதன் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும்.